வாங்குவதா, வளர்ப்பதா?

லிங்கிப் பக்கம் தேநீர்க் கடையில் காற்பந்துப் பேச்சு எடுத்தால் இரண்டு கட்சி. “நல்ல ஆட்டக்காரனை வாங்கிப் போடு, கிண்ணம் தானா வரும்” என்பது ஒன்று. “நம்ம பிள்ளைங்களை வளர்த்து விடு” என்பது மற்றொன்று.

இரு தரப்புக்கும் சாட்சி எஸ். குணாளன். 2011 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் திரங்கானு முந்தியிருந்தபோது, நெகிரி செம்பிலானுக்குச் சமநிலை கோலை அடித்தவர் அவர். ஆட்டம் 2-1 என நமக்கு. பிறகு அவர் சிலாங்கூருக்குப் போனார், அடுத்து ஜொகூர். “வளர்த்தால் பணக்கார அணி தூக்கிட்டுப் போயிடும், பார்த்தியா?” என்கிறது முதல் கட்சி.

போகட்டுமே. ஒருவர் போனால் அடுத்தவர் தயாராக இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. அமெரிக்கப் பேஸ்பாலில் பெரிய அணிகளுக்கு ஆள் தரும் சிறிய அணிகளைப் ‘பண்ணை’ என்பார்கள். நமக்குப் பண்ணையாக இருந்தது தோட்டத்துத் திடல். வேலை முடிந்த மாலையில் அப்பா ஆடுவார், மகன் பந்து பொறுக்குவான்.

குடும்பங்கள் பட்டணத்துக்குப் போய்விட்ட பிறகு, மிஞ்சிய பண்ணை தமிழ்ப்பள்ளித் திடல்தான். பிள்ளையைச் சிரம்பான் பயிற்சிக்கு ஏற்றிச் செல்ல வாரம் ஒருமுறை ஒரு கார் கிடைத்தால், கடை வாதத்தில் பாதி முடிந்துவிடும். நான் இரண்டாம் கட்சி.