வீட்டுத் தோட்டத்தில் ஓடும் இரயில்

இரயில் எஞ்சினைக் கண்டு வாய் பிளந்து நிற்காத குழந்தை உண்டோ? தலை நரைத்த பின்னரும் அந்த வியப்பு நெஞ்சை விட்டு அகலாத பெரியவர்கள் உலகெங்கும் இருக்கின்றார்கள். ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அத்தகையோர் தம் வீட்டுத் தோட்டங்களில் தண்டவாளம் பதித்து, இரு கைகளாலும் ஏந்த வேண்டிய அளவுள்ள மாதிரி எஞ்சின்களை ஓட்டி மகிழ்கின்றார்கள். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் தண்டவாளத்தில், பூச்செடிகளுக்கு இடையே, உண்மையான நீராவியைக் கக்கிக்கொண்டு ஓடும் எஞ்சின்களும் அவற்றுள் உண்டு.

"இது விளையாட்டுதானே, இதில் நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். பணமும் நேரமும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள். இந்தப் பொழுதுபோக்கு அவ்விரண்டையும் தாராளமாகக் கேட்கிறது. தந்தையையும் மக்களையும் ஒரே வேலையில் ஒன்று சேர்க்க இதனால் முடியும். செல்வத்தைக் கண்ணாடி அலமாரிக்குள் முடக்கி, தந்தையைக் குடும்பத்தினின்றும் பிரித்து வைக்கவும் இதனாலேயே முடியும். ஆகவே இதன் வரலாற்றையும் நுட்பத்தையும் மட்டுமன்றி, இதன் எல்லையையும் நாம் அறிந்திருத்தல் நலம்.

பிறந்த கதை

ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரில் 1859 ஆம் ஆண்டு மெர்க்லின் என்பவர் தகரத்தால் பொம்மை வீட்டுச் சாமான்கள் செய்யும் பட்டறையைத் தொடங்கினார். 1866 இல் அவர் மறைந்தார். அவருடைய மனைவி கரோலின் அந்தத் தொழிலை அழிய விடாமல் காத்துத் தம் மக்களிடம் ஒப்படைத்தார். அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வணிகத் திறனை அறிந்த நமக்கு, ஒரு பெண்மணி தொழிலைக் கட்டிக் காத்த செய்தி புதுமையன்று. அந்த மக்களின் காலத்தில், 1891 இல், லைப்சிக் நகரச் சந்தையில் மெர்க்லின் நிறுவனம் சாவி கொடுத்தால் ஓடும் இரயிலையும், அதற்கென வரையறுத்த தண்டவாள அளவுகளையும் அறிமுகம் செய்தது. அதற்குப் பின்னரே, இன்று ஓர் எஞ்சினும் நாளை இரு பெட்டிகளுமாகச் சிறுகச் சிறுக வாங்கிச் சேர்க்கும் வழக்கம் வேரூன்றியது.

காலப்போக்கில் வீடுகள் சிறுத்தன. மாதிரி இரயில்களும் சிறுத்து மேசைக்கு ஏறின. அவற்றை மீண்டும் பெரிதாக்கித் தோட்டத்திற்குக் கொண்டு சென்ற பெருமை லேமன் என்னும் ஜெர்மானிய நிறுவனத்தைச் சாரும். 1881 இல் பிராண்டன்பர்க் நகரில் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கிருந்த ஆலையை இழந்து, நூரன்பர்க் நகரில் புதுவாழ்வு பெற்றது. 1968 இல் அது வெளியிட்ட பெரிய அளவு இரயில் 'எல்.ஜி.பி.' என்ற பெயரால் உலகப் புகழ் பெற்றது. ஆஸ்திரிய நாட்டின் ஸ்டைன்ஸ் என்னும் சிற்றிரயில் பாதையில் ஓடிய குட்டி நீராவி எஞ்சினின் மாதிரி அதன் அடையாளமாகவே ஆகிவிட்டது.

அளவுக் கணக்கு

இந்தப் பெரிய அளவு இரயில்களில் பெரும்பாலானவற்றின் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம் 45 மில்லிமீட்டர். பாதை ஒன்றாயினும் அதன்மீது ஓடும் எஞ்சின்களின் அளவு விகிதம் ஒன்றன்று. மேலைநாடுகளின் 1435 மில்லிமீட்டர் பாதையை 32 இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் ஏறத்தாழ 45 வரும். மீட்டர் கேஜ் பாதையை 22.5 இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் ஏறத்தாழ அதுவே வரும். மெர்க்லினின் பெரிய வண்டிகள் முதல் கணக்கிலும், எல்.ஜி.பி. வண்டிகளுள் பல இரண்டாம் கணக்கிலும் அமைந்தவை. சுமார் 40 மீட்டர் நீளமுள்ள அமெரிக்காவின் 'பிக் பாய்' எஞ்சினை முதல் கணக்கில் செய்தால், அது ஒன்றேகால் மீட்டர் நீளம் வந்துவிடும்.

மீட்டர் கேஜ் என்றதும் தமிழக வாசகர்களுக்குப் பழைய நினைவுகள் எழும். 1914 முதல் பாம்பன் பாலத்தின் மீது ஓடிய வண்டிகள் மீட்டர் கேஜ் வண்டிகளே. 2007 இல்தான் அப்பாலம் அகலப் பாதையாயிற்று. 1899 இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும், 1908 இல் உதகைக்கும் எட்டிய நீலகிரி மலை இரயில் இன்றும் மீட்டர் கேஜ்தான். நம் முன்னோர் ஏறிச் சென்ற அந்த வண்டிகளை 22.5 இல் ஒரு பங்காகச் செய்தால், அவை இந்த 45 மில்லிமீட்டர் பாதையில் பொருந்தி ஓடும்.

நம் உள்ளத்திற்கு இன்னும் நெருக்கமான இரயில் ஒன்றும் உண்டு. அதுவே ஹிஜாஸ் இரயில். சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அவர்களின் ஆணைப்படி 1900 இல் தொடங்கிய அப்பணி, 1908 இல் டமாஸ்கஸ் நகரை மதீனா முனவ்வராவுடன் இணைத்தது. ஏறத்தாழ 1300 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதைக்கு இந்திய முஸ்லிம்கள் உள்ளிட்ட உலக முஸ்லிம்கள் நன்கொடை வழங்கினர். ஏறத்தாழ நாற்பது நாள் ஒட்டகப் பயணம் சில நாட்களாகச் சுருங்கிற்று. அதன் அகலம் 1050 மில்லிமீட்டர், 22.5 இல் ஒரு பங்கு என்றால் ஏறத்தாழ 47 மில்லிமீட்டர். கைத்திறன் மிக்க ஓர் இளைஞர் ஹிஜாஸ் எஞ்சின் ஒன்றின் மாதிரியைத் தாமே செய்ய முற்பட்டால், இரண்டு மில்லிமீட்டரை விட்டுக்கொடுத்து இதே தண்டவாளத்தில் அதை ஓட விடலாம். ஒரு சமுதாயத்தின் வரலாற்றை மக்களுக்குக் கூற இதைவிட நல்ல கருவி ஏது?

மின்சாரமும் நீராவியும்

இவ்வெஞ்சின்கள் பெரும்பாலும் இருவகைப்படும். மின்சாரத்தால் ஓடுவன முதல்வகை. வீட்டு மின்சாரத்தை 24 வோல்ட்டுக்கு மேற்படாத நேர்மின்சாரமாக மாற்றித் தண்டவாளத்தில் செலுத்துவார்கள். சக்கரங்கள் அதைப் பெற்று மோட்டாருக்குத் தரும். தண்டவாளம் பித்தளையால் ஆனது. தூசியும் களிம்பும் படிந்தால் வண்டி தடுமாறும். ஆதலால் ஓட்டுமுன் துடைத்தல் வேண்டும். மொட்டை மாடியில் பதிப்போர் இன்னொன்றையும் கருத வேண்டும். வெப்பம் 30 பாகை கூடினால், பத்து மீட்டர் பித்தளைத் தண்டவாளம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளும். இணைப்புகளில் இடைவெளி விடாவிடின் பாதை வளைந்துவிடும். பெரிய இரயில்வேயின் பொறியாளர் கற்கும் பாடத்தை உங்கள் பிள்ளை மாடியிலேயே கற்றுவிடுவான்.

இரண்டாம் வகை உண்மையான நீராவி எஞ்சின். செம்புக் கொதிகலனில் நீரை நிரப்பி, எரிவாயுவினாலோ ஸ்பிரிட்டினாலோ சூடேற்றுவார்கள். நீராவி உருளைக்குள் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் சக்கரத்தைச் சுழற்றும். நீராவியின் ஆற்றலைக் கொண்டு இறைச்சி வாட்டும் கம்பியைச் சுழற்றும் முறையை, உதுமானியப் பேரரசின் அறிஞர் தகியுத்தீன் 1551 ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார் என்பதைப் பிள்ளைகளுக்கு இவ்விடத்தில் எடுத்துச் சொல்லலாம்.

சிறிய எரிவாயு எஞ்சின்கள் பலவற்றில் அழுத்தம் சதுர அங்குலத்திற்குச் சுமார் 40 பவுண்டு அளவை எட்டியதும் பாதுகாப்பு வால்வு தானே திறந்துகொள்ளும். கார்ச் சக்கரத்தின் காற்றழுத்தத்தைவிட இது அதிகம். ஆகவே நீராவி எஞ்சினைச் சிறுவர் கையில் தனியே ஒப்படைத்தல் கூடவே கூடாது. எரிவாயு நிரப்பும்போது அருகில் நெருப்பு இருத்தலாகாது. நீர் வற்றிய கொதிகலனைச் சூடேற்றலாகாது. ஆழ்குழாய்க் கிணற்றின் உப்பு நீரை ஊற்றினால் உள்ளே படிவு கட்டிவிடும். வாலை நீரோ வடிகட்டிய மழை நீரோ நலம்.

எரியும் நெருப்பை விட்டுவிட்டு எழுந்து செல்ல இயலாது. ஒருமுறை நிரப்பினால் சிறிய எஞ்சின் இருபது, முப்பது நிமிடங்கள் ஓடும். அஸர் தொழுதபின் தொடங்குவோர், மஃரிப் பாங்கிற்கு முன் தீ அணைந்து எஞ்சின் ஆறிவிடுமாறு கணக்கிட்டே பற்ற வைக்க வேண்டும். தொழுகையை மையமாக வைத்து நேரத்தை வகுக்கும் பழக்கத்தை இந்தச் சிறு எஞ்சின் கற்பிக்குமானால் அதுவும் ஒரு நன்மையன்றோ!

பூட்டி வைப்பதா, ஓட்டுவதா?

இத்துறையில் இரு வகையினர் உளர். ஓட்டுவதற்காக வாங்குவோர் ஒரு வகை. பெட்டி பிரிக்காமல் அடுக்கி வைத்து, விலை ஏறும் என்று காத்திருப்போர் மற்றொரு வகை. பின்னவரின் கணக்கு உறுதியானதன்று. எல்.ஜி.பி.யைத் தந்த லேமன் நிறுவனமே 2006 இல் நொடித்துப் போய், மறு ஆண்டு மெர்க்லினிடம் கைமாறிற்று. அந்த மெர்க்லினும் 2009 இல் திவால் நடவடிக்கைக்கு உள்ளாகிப் பின்னர் மீண்டது. செய்தவர்களுக்கே நாளைய நிலை தெரியவில்லை எனில், வாங்கி அடுக்கியவர்க்கு எங்ஙனம் தெரியும்?

பொருளும் காத்திருப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் ஓடாத எஞ்சினின் பற்சக்கரங்களில் இட்ட மசகு இறுகிப் போகும். பிடிமானத்திற்காகச் சக்கரத்தில் மாட்டிய இரப்பர் வளையம் வெடித்துவிடும். அவ்வப்போது ஓட்டி, துடைத்து, எண்ணெயிட்டு வந்த எஞ்சினோ அடுத்த தலைமுறைக்கும் உழைக்கும். பூட்டியது கெடுகிறது; பயன்படுத்திப் பேணியது நிலைக்கிறது. நம் செல்வம் முழுமைக்கும் இது பொருந்தும் அல்லவா?

மார்க்க வரம்பு

வரம்பிற்குட்பட்ட விளையாட்டை இஸ்லாம் தடுக்கவில்லை, வீண்விரயத்தையே தடுக்கிறது. கடன் நிலுவையில் இருக்க, மனைவியின் மஹர் கொடுபடாதிருக்க, உறவினர் வறுமையில் வாட, பல நூறு யூரோ விலையுள்ள எஞ்சினை வரவழைப்பவர் தம் உள்ளத்தைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். வாங்கும் பொருளின் விலையை மனைவியிடம் மறைக்க வேண்டிய நிலை வந்தால், அதுவே வரம்பு கடந்ததற்கு அடையாளம்.

சொந்தப் பயன்பாட்டிற்கு வைத்திருப்பது வேறு. விற்று இலாபம் பெறும் நோக்குடன் வாங்கிக் குவிப்பது வேறு. பின்னது வணிகப் பொருளாகி, ஸகாத்தின் கேள்வியை எழுப்பும். இதில் உங்கள் ஊர் ஆலிம்களிடம் தெளிவு பெறுங்கள். தண்டவாளத்தின் அருகே மனிதப் பொம்மைகளை நிறுத்துவது மேலைநாட்டு வழக்கம். உருவப் பொம்மைகள் குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால், பேணுதலை நாடுவோர் அவற்றைத் தவிர்த்து நிலையமும் பாலமும் மரங்களும் மட்டும் அமைத்துக்கொள்ளலாம். அதனால் அழகு குன்றாது.

மிக முக்கியமான ஒன்று உண்டு. சேகரித்தவர் மவ்த்தாகிவிட்டால், அந்தப் பெட்டிகளின் மதிப்பு வீட்டில் எவருக்கும் தெரிவதில்லை. விதவையிடம் வந்து, "பழைய பொம்மைகள்தானே" என்று அற்ப விலைக்கு அள்ளிச் செல்வோர் எங்கும் உண்டு. அப்போது பறிபோவது மனைவி மக்களின் வாரிசுரிமை. ஆகவே ஒவ்வொரு எஞ்சினின் பெயர், எண், வாங்கிய ஆண்டு, விலை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, அது இருக்கும் இடத்தை வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள். அசல் அட்டைப் பெட்டிகளையும் எறிந்துவிடாதீர்கள். மறு விற்பனையில் அவற்றுக்கும் மதிப்புண்டு.

தொடங்க எண்ணுவோருக்கு

பெருஞ்செலவு செய்து தொடங்க வேண்டியதில்லை. நல்ல நிலையில் உள்ள பழைய எஞ்சின் ஒன்றும், பெட்டிகள் இரண்டும், ஒரு வட்டம் தண்டவாளமும் போதும். எல்.ஜி.பி.யின் மிகச் சிறிய வட்டம் பன்னிரண்டு வளைதுண்டுகளால் ஆனது; ஒன்றரை மீட்டர் சதுர இடத்தில் அடங்கிவிடும். கூடத்தில் விரித்து, ஓட்டி முடித்ததும் எடுத்து வைக்கலாம். மின்மாற்றி எப்போதும் வீட்டிற்குள், ஈரம் படாத இடத்தில் இருக்கட்டும்.

நிலையத்தையும் பாலத்தையும் கடையில் வாங்காதீர்கள். அட்டையையும் மரத்துண்டையும் கொடுத்து மகனையும் மகளையும் செய்யச் சொல்லுங்கள். அளவெடுக்கும்போது கணிதம் வரும். மின்கம்பி இணைக்கும்போது அறிவியல் வரும். தடம் புரண்ட வண்டியைப் பத்தாம் முறையும் எடுத்து வைக்கும்போது ஸப்ர் வரும். கருவியைக் கையாளத் தெரிந்த பிள்ளை எந்தத் தொழிலுக்கும் அஞ்சமாட்டான்.

எஞ்சின்கள் எத்தனை என்ற எண்ணிக்கை நாளை மறுமையில் நமக்குப் பெருமை தரப்போவதில்லை. மக்களோடு கழித்த நேரமும், அவர்களுக்குக் கற்பித்த நற்பண்பும் நம்மோடு வரும். வல்ல அல்லாஹ் நம் பொழுதுகளையும் பொருள்களையும் பயனுள்ள வழியில் செலவிட நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.