மார்த்தாளின் முறையீடு

விருந்தாளி வந்த வீட்டில் ஒருத்தி அடுப்பங்கரையில் வேகிறாள். மற்றொருத்தி கூடத்தில் அமர்ந்து பெரியவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நம் வீடுகளில் நாள்தோறும் காணக்கூடிய காட்சிதான். ஆயினும் இக்காட்சியை முன்வைத்துக் கிறிஸ்தவ உலகம் பல நூற்றாண்டுகளாக ஒரு பெரும் விசாரணை நடத்தி வந்திருக்கிறது. இறைவனுக்கு உகந்தது கைகளின் தொண்டா, மனத்தின் தியானமா என்பதே அவ்விசாரணை. கர்மமா, பக்தியா என்று நம் நாட்டில் நடக்கும் பழைய வாதத்தை அறிந்த நேயர்களுக்கு இது புதிய கேள்வியன்று.

கதை லூக்கா சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. மார்த்தாள் இயேசுவைத் தன் வீட்டில் வரவேற்கிறாள். அவள் சகோதரி மரியாள் அவர் காலடியில் அமர்ந்து உபதேசம் கேட்கிறாள். பல வேலைகளில் சிக்கித் தவித்த மார்த்தாள் நேரே விருந்தாளியிடமே வந்து, தன்னைத் தனியே பாடுபட விட்டுவிட்ட தங்கையை எழுப்பி அனுப்பும்படி முறையிடுகிறாள். இயேசுவோ, அவள் அநேக காரியங்களைப் பற்றிக் கலங்குவதைச் சுட்டிக்காட்டித் தேவையானது ஒன்றே என்கிறார். மரியாள் தெரிந்துகொண்ட நல்ல பங்கு அவளிடமிருந்து பறிக்கப்படாது என்றும் கூறுகிறார்.

இதிலிருந்து, தியானம் மேல், தொண்டு கீழ் என்று முடிவு கட்டியவர் பலர். ஆனால் லூக்கா இக்கதையை எந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்று பார்க்கவேண்டும். இதற்குச் சற்று முன்னேதான் நல்ல சமாரியன் கதை வருகிறது. கள்வர்களால் அடியுண்டு வழியில் கிடந்தவனை ஆசாரியன் ஒருவன் கண்டும் காணாமல் விலகிப் போகிறான். அந்நியனான சமாரியனோ காயத்தைக் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, செலவுக்குப் பணமும் கொடுக்கிறான். மார்த்தாளின் கதை முடிந்தவுடனோ, ஜெபம்பண்ணக் கற்றுத்தரும்படி சீடன் ஒருவன் இயேசுவைக் கேட்கிறான். ஒரு பக்கம் தொண்டு, மறு பக்கம் ஜெபம். நடுவே மார்த்தாளின் வீடு. இரண்டில் ஒன்றைத் தள்ளிவிடச் சொல்லும் ஆசிரியர் இப்படி அமைத்திருக்கமாட்டார்.

இயேசுவின் வாழ்க்கையும் அவ்வாறே இருந்தது. கப்பர்நகூமில் ஒரு நாள் மாலை, ஊரே வாசலில் திரண்டு நிற்க, அவர் நோயாளிகளைக் குணமாக்கினார். மறுநாள் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குச் சென்று ஜெபித்தார். சீடர்கள் தேடி வந்து, எல்லோரும் அவரைத் தேடுவதாகச் சொன்னார்கள். அவர் அந்தத் தனிமையிலேயே தங்கிவிடவுமில்லை. கூட்டம் அழைக்கிறதென்று திரும்பிப் போய்விடவுமில்லை. அடுத்த ஊர்களுக்குப் போகலாம் என்று புறப்பட்டார். எங்கே போகவேண்டும் என்ற தெளிவு அந்த அதிகாலை மௌனத்தில் கிடைத்தது. அங்கே போகும் கால்கள் தொண்டுக்காக இருந்தன.

இனி, மார்த்தாளுக்காகச் சில வார்த்தை சொல்லவேண்டும். அவளுடைய முறையீட்டில் நியாயம் இல்லையா? எல்லோரும் காலடியில் அமர்ந்துவிட்டால் உலை வைப்பவர் யார்? அவள் வேலையைக் குறைகூறவில்லை; "தனியே" விடப்பட்டதையே குறைகூறுகிறாள். குருவின் காலடியில் அமர்வதென்பது அக்காலத்தில் சீடனாகிப் பாடம் கேட்பதைக் குறிக்கும். பவுல் தாம் கமாலியேலின் பாதத்தருகே கற்றதாகக் கூறுவதும் இப்பொருளில்தான். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவளை அடுப்பங்கரைக்கு விரட்ட இயேசு மறுக்கிறார். அந்த மறுப்பு மரியாளுக்கு மட்டும் உரியதன்று. பதார்த்தங்களைக் குறைத்துக்கொண்டு நீயும் வந்து உட்காரலாம் என்று மார்த்தாளுக்கு விடுக்கும் அழைப்பாகவும் அதைக் கொள்ளலாம். யோவான் சுவிசேஷத்தில், சகோதரன் லாசரு இறந்த துக்கத்தில் எழுந்து சென்று இயேசுவை வழியிலேயே சந்தித்து, அவரே கிறிஸ்து என்று அறிக்கையிடுகிறவள் இந்த மார்த்தாள்தான். பின்னர் நடந்த விருந்திலும் அவளே பரிமாறுகிறாள். அப்போது முறையீடு எதுவும் இல்லை.

ஆகவே தொண்டா, தியானமா என்ற கேள்வியைக் காட்டிலும் கூர்மையான கேள்வி ஒன்று இருக்கிறது. தொண்டு யாருக்கு, தியானம் யாருக்கு? இரண்டும் ஒருவருடைய நாளில் சேர்ந்திருக்கும்போது ஒன்றையொன்று காக்கின்றன. ஒரு சாரார் உழைக்க, மற்றொரு சாரார் தியானிக்க என்று பிரித்துவிட்டால் இரண்டுமே கெடுகின்றன. கிறிஸ்தவத் துறவிகளின் சரித்திரம் இதற்குச் சான்று.

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பெனடிக்ட் முனிவர் தம் மடத்துக்கு ஒரு சட்டநூல் வகுத்தார். பகலில் ஏழு வேளையும் இரவில் ஒரு வேளையும் பிரார்த்தனை. மணி ஒலித்தால் கையிலுள்ள வேலையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவர வேண்டும். ஆனால் அதே நூல், துறவிகள் முறைவைத்து வாரந்தோறும் சமையற்கட்டில் ஒருவருக்கொருவர் ஊழியம் செய்யவேண்டும் என்கிறது. நோயாளிகளும் முக்கிய அலுவல் உடையவர்களும் தவிர மற்றெவருக்கும் விலக்கில்லை. மடத்துப் பாத்திரம் பண்டங்களைப் பீடத்தின் புனித பாத்திரங்களைப் போலவே மதிக்கவேண்டும் என்பது பண்டசாலைக்காரருக்கு இட்ட கட்டளை. தலைவர் உபவாசத்தில் இருக்கும்போது விருந்தினர் வந்துவிட்டால், விசேஷ உபவாச நாளாக இருந்தாலன்றி, அவரை முன்னிட்டு உபவாசத்தை முடித்துக்கொள்ளலாம்! ஜெபமணிக்காக வேலை நிற்கிறது. விருந்தினருக்காக விரதம் நிற்கிறது. சமநிலை என்பது இதுதான்.

பிற்காலத்தில் இது மாறிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிஸ்டர்சிய மடங்களில், பாடித் துதிக்கும் துறவிகள் ஒரு வகுப்பு, வயலிலும் தொழுவத்திலும் உழைக்கும் சகோதரர்கள் மற்றொரு வகுப்பு என்று ஆயிற்று. உழைப்பாளிச் சகோதரர் எழுத்துக் கற்கவும், முதல் வகுப்புக்கு ஏறவும் இடமில்லை. சில மடங்களில் அவர்கள் கலகம் செய்ததையும் சரித்திரம் கூறுகிறது. மார்த்தாளின் முறையீடு அங்கே மீண்டும் எழுந்தது என்று சொன்னால் தவறில்லை. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், துறவற இல்லங்களில் இத்தகைய வகுப்பு வேற்றுமையைக் களைய வழி செய்தது.

இந்தப் பிரிவினையைத் தம் வாழ்க்கையாலேயே பொய்யாக்கியவர் ஒருவர் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடமொன்றில் லாரன்ஸ் என்னும் சகோதரர் இருந்தார். போரில் காயமுற்ற பழைய சிப்பாய், படிப்பில்லாதவர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையல் வேலை. பின்னர் செருப்புத் தைக்கும் வேலை. சட்டி பானைகளின் ஓசைக்கு நடுவிலும் இறைவனோடு அமைதியாக உரையாடலாம் என்று அவர் கண்டார். 1691-இல் அவர் காலமான பிறகு, அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் நூலாக வெளிவந்து உலகெங்கும் பரவின. அமைதியான பக்தியைப் பற்றிய புகழ்பெற்ற நூல்களில் ஒன்று சமையற்கட்டிலிருந்து வந்தது என்பது சிந்திக்கத் தக்கது.

நம் தமிழ்நாட்டிலும் இவ்விரண்டையும் இணைத்த முயற்சி ஒன்று உண்டு. 1921-ஆம் ஆண்டில், அன்றைய வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்த திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் தோன்றியது. அமைத்தவர்கள் இரண்டு டாக்டர்கள்: தமிழரான ஏசுதாசன், ஸ்காட்லாந்துக்காரரான பாரஸ்டர் பேட்டன். ஒருவர் பெரியண்ணன், மற்றவர் சின்னண்ணன் என்று அழைக்கப்பட்டார்கள். எஜமானரும் அந்நியரும் இல்லாத இடத்துக்கு ஏற்ற பெயர்கள்! கதர் உடை, மரக்கறி உணவு, பிரமசரியம் ஆகியவற்றை மேற்கொண்டார்கள். ஜெபாலயத்தை நம் கோயில்களைப் போல் திராவிடச் சிற்ப முறையில் கட்டினார்கள். ஏழைகளுக்கு ஆஸ்பத்திரியும் நடத்தினார்கள். ஜெபிப்பதற்கு ஒரு கூட்டம், மருந்து கொடுப்பதற்கு வேறொரு கூட்டம் என்று வைக்கவில்லை. பிரார்த்தனையில் குவிந்த கைகளே நாடி பிடித்தன. செல்வக் குடும்பத்தில் பிறந்த பேட்டன், 1932-இல் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தில் கதருடையோடு நின்றபோது போலீஸாரின் தடியடிக்கு ஆளானார். ஆசிரமத்தின் மௌனம் அவரை உலகத்திலிருந்து ஒளித்து வைக்கவில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை.

மடத்துக்கும் ஆசிரமத்துக்கும் பொருந்தியது குடும்பத்துக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். மற்ற இடங்களைவிட இங்கேதான் மிகவும் பொருந்தும் என்பது என் எண்ணம். எத்தனையோ வீடுகளில் மாலை ஜெபமோ பூஜையோ நடக்கும் வேளையில், தாயின் காது மட்டும் பிரார்த்தனையில் இருக்கிறது, கை தாளித்துக்கொண்டிருக்கிறது. பக்திமான் என்று ஊரார் புகழும் கிருகஸ்தரின் விடியற்காலைத் தியானத்துக்குப் பின்னால், அவருக்கும் முன்பே எழுந்து வெந்நீர் வைத்த ஒருத்தி இருக்கிறாள். அவள் உட்கார்ந்து ஒரு நாழிகை மௌனமாக இருந்ததுண்டா என்று யாரும் கேட்பதில்லை. மறுபுறத்தில், சங்கம், கூட்டம், வசூல் என்று பொதுத்தொண்டில் ஓயாமல் சுழலும் அன்பர்கள், தனியே பத்து நிமிஷம் இருக்க அஞ்சுகிறார்கள். நாளடைவில் அவர்கள் தொண்டில் சிடுசிடுப்பும், தாம் மட்டுமே உழைப்பதாக ஒரு கணக்கும் புகுந்துவிடுகின்றன.

இதற்குப் பெரிய சீர்திருத்தம் ஒன்றும் வேண்டாம். விருந்து நாளில் பதார்த்தம் இரண்டு குறையட்டும். ஜெபத்துக்கு மணி அடிக்குமுன் அடுப்பு அணையட்டும். அணைப்பதற்கு வேண்டிய வேலையில் பிள்ளைகளும் அவர்கள் தந்தையும் கை கொடுக்கட்டும். தியானத்தில் இருக்கும்போது வாசலில் நோயாளி ஒருவர் கூப்பிட்டால், தயங்காமல் எழுந்து போகட்டும். அவரை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் அமரட்டும். அந்த வீட்டில் மார்த்தாளுக்கும் உட்கார இடமிருக்கும். மரியாளுக்கும் பாத்திரம் துலக்க முறை வரும்.