புள்ளி ஒன்றே, கோலம் வேறு
(தண்டவாளம் கற்றுத் தரும் வேதியியல்)



நீலசந்திராவில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் பத்தாம் வகுப்பும் பி.யூ.சி.யும் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். மாலை வேளைகளில் சிலர் என்னிடம் பாடத்தில் சந்தேகம் கேட்க வருவதுண்டு. அவர்களுக்கு மிகவும் சலிப்பூட்டும் பாடம் எது என்று கேட்டால், பெரும்பாலோர் 'கெமிக்கல் பாண்டிங்' என்கிறார்கள். தமிழில் வேதிப் பிணைப்பு. பிணைப்பின் வகைகளை ஆங்கிலத்தில் வரி பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். "சரி, இதனால் நமக்கு என்ன பயன்?" என்றால் விழிக்கிறார்கள்.

அவர்களுடைய தகப்பன்மார்களில் சிலர் பட்டறையில் வேலை செய்பவர்கள். வெல்டிங் வைப்பவர், லேத் ஓட்டுபவர், உளியைக் காய்ச்சித் தோய்ப்பவர். அந்தப் பாடத்தில் உள்ளதைத்தான் அவர்கள் தினமும் கையால் செய்கிறார்கள். ஆனால் பிள்ளையின் புத்தகமும் தகப்பனின் பட்டறையும் ஒரே விஷயத்தைப் பேசுகின்றன என்பது இருவருக்குமே தெரிவதில்லை. டிப்ளமா முடித்து இருப்புப் பாதைப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த தண்டவாளத்தையும் சக்கரத்தையும் கொண்டு இதை விளக்க முயல்கிறேன்.

சமையலறையில் மூன்று பிணைப்புகள்

உப்பு, சர்க்கரை, கரண்டி ஆகிய மூன்றையும் எடுத்துக் கொள்வோம். சர்க்கரையை வாணலியில் இட்டால் சற்று நேரத்தில் உருகிப் பாகாகிப் பின் கருகுகிறது. உப்பை இட்டால் வெடிக்கிறதே தவிர உருகுவதில்லை. அது உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். இரும்புக் கரண்டி உருக 1,500 டிகிரிக்கும் மேல் வேண்டும். உப்புக் கல்லைச் சுத்தியலால் தட்டினால் தூளாகிறது. மெல்லிய இரும்புக் கம்பியைத் தட்டினால் வளைகிறது, தட்டையாகிறது. ஆனால் தூளாவதில்லை. ஏன் இந்த வேறுபாடு?

உப்பில் சோடியம் ஓர் எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் ஒன்று நேர்மின் அயனி, மற்றது எதிர்மின் அயனி. இரண்டும் மாறி மாறிச் சதுரங்கக் கட்டம் போல அடுக்கப்பட்டு, ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கின்றன. இது அயனிப் பிணைப்பு. சுத்தியல் அடியில் ஒரு வரிசை ஒரு கட்டம் நகர்ந்துவிட்டால், நேர்மின்னுக்கு எதிரே நேர்மின் வந்து நிற்கும். பற்றியிருந்தவை ஒன்றையொன்று தள்ளும். கல் பிளந்துவிடும்.

சர்க்கரையில் அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கு போட்டுக்கொண்டு மூலக்கூறு என்னும் குடும்பங்களாக இருக்கின்றன. இது சகப்பிணைப்பு. குடும்பத்துக்குள் பிடிப்பு வலுவானது. ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் இடையிலான பிடிப்பு அத்தனை வலுவானதன்று. அதனால்தான் சிறு சூட்டிலேயே சர்க்கரை இளகிவிடுகிறது.

இரும்பில் எலக்ட்ரான்களின் ஒரு பகுதி எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமில்லாமல் எல்லா அணுக்களுக்கும் பொதுவாக உலவுகிறது. இது உலோகப் பிணைப்பு. ஒரு வரிசை நகர்ந்தாலும் பிடிப்பு அறுந்துபோவதில்லை. எனவே உலோகம் வளையும், நீளும், மின்சாரத்தைக் கடத்தும். கோலார் தங்கவயலில் எடுத்த தங்கம் மெல்லிய தகடாகவும் கம்பியாகவும் இழுபடுவதற்கும் இதுவே காரணம்.

கரியின் இரண்டு கோலங்கள்

பிணைப்பு மட்டும் தெரிந்தால் போதாது, அடுக்கும் தெரிய வேண்டும். இதற்குச் சிறந்த சாட்சி கரி, அதாவது கார்பன். வைரத்தில் ஒவ்வொரு கரி அணுவும் நான்கு பக்கமும் நான்கு அணுக்களைப் பற்றியிருக்கிறது. எந்தத் திசையில் அசைத்தாலும் பிடிப்பு உண்டு. ஆகவே அது கண்ணாடியை அறுக்கிறது. பென்சிலில் உள்ள கிராஃபைட்டில் ஓர் அணு மூன்று அணுக்களையே பற்றித் தேன்கூடு போன்ற தாள்களாகப் பரவியிருக்கிறது. தாளுக்குள் பிடிப்பு மிக வலுவானது. தாளுக்கும் தாளுக்கும் இடையே மெலிந்தது. எனவே தாள்கள் வழுக்கிக் காகிதத்தில் ஒட்டிக்கொள்கின்றன. மிச்சமுள்ள எலக்ட்ரான் தாளின் மேல் உலவுவதால் கிராஃபைட் மின்சாரத்தையும் கடத்துகிறது.

திருச்சியில் பிறந்து, 1933 முதல் பெங்களூரிலேயே வாழ்ந்து மறைந்த சர் சி.வி. இராமன் அவர்கள், வைரங்களைத் திரட்டி வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் அவற்றின் அமைப்பை ஆராய்ந்தார் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

நம் பெண்கள் வாசலில் வைக்கும் புள்ளிகள் ஒன்றாக இருந்தாலும் இழுக்கும் கோட்டைப் பொறுத்துக் கோலம் மாறுகிறதல்லவா? இதுவும் அப்படித்தான்.

தோசைக்கல்லும் தண்டவாளமும்

இனி என் தொழிலுக்கு வருகிறேன். தூய இரும்பு மென்மையானது. அதைக் கடினமாக்குவது கரி. வார்ப்பிரும்புத் தோசைக்கல்லில் கரி நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு உண்டு. அந்தக் கரியில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக இரும்புக்குள் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொரு செதிலும் உள்ளே இருக்கும் ஒரு வெடிப்பு மாதிரி. ஆகவேதான் வார்ப்புக் கல் கீழே விழுந்தால் உடைகிறது. தகட்டுக் கல் விழுந்தால் நசுங்குவதோடு சரி.

தண்டவாளத்தில் கரி நூற்றுக்கு 0.6 முதல் 0.8 பங்குதான். இன்று முக்கியப் பாதைகளில் உள்ள தண்டவாளம் மீட்டருக்கு 60 கிலோ எடை கொண்டது. அந்த 60 கிலோவில் கரி சுமார் 400 கிராம். அணுக்களை எண்ணினால், ஏறத்தாழ முப்பது இரும்பு அணுக்களுக்கு ஒரு கரி அணு. இந்த ஒன்று எங்கே உட்காருகிறது என்பதில்தான் பயணிகளின் உயிர் இருக்கிறது.

முன்பதிவில்லாப் பெட்டி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இருக்கைகளில் உட்கார்ந்திருப்பவை இரும்பு அணுக்கள். இடைவெளியில் நின்றுகொண்டு வருபவை சிறிய கரி அணுக்கள். 912 டிகிரிக்கு மேல் தூய இரும்பின் அணுக்கள் அடுக்கை மாற்றிக்கொள்கின்றன. அந்த அடுக்கில் கரி நிற்பதற்கு வசதியான இடம் உண்டு. குளிர்ந்தால் பழைய அடுக்குக்குத் திரும்பிவிடும். அதில் கரிக்கு அநேகமாக இடமே இல்லை. தண்டவாள எஃகில் இந்த மாற்றம் சுமார் 727 டிகிரியில் நிகழ்கிறது.

மெதுவாகக் குளிர்ந்தால், வண்டி நிலையத்தில் நிற்பது போல. கரி அணுக்கள் நிதானமாக இறங்கி, இரும்போடு சேர்ந்து இரும்புக் கார்பைடு என்ற கடினமான மெல்லிய ஏடாகப் படிகின்றன. மென்மையான இரும்பு ஓர் ஏடு, கார்பைடு ஓர் ஏடு என்று வீச்சுப் பரோட்டாவின் அடுக்கைப் போல அமைகிறது. இதற்குப் பேர்லைட் என்று பெயர். உறுதியும் உண்டு, ஓரளவு நெகிழ்வும் உண்டு. நல்ல தண்டவாளம் என்பது இதுதான்.

திடீரென்று குளிர்ந்தாலோ, இறங்குவதற்குள் வண்டி கிளம்பிவிடுகிறது. கரி உள்ளேயே சிக்கி, இரும்பின் அடுக்கை நெரித்து நீட்டிவிடுகிறது. இதற்கு மார்ட்டென்சைட் என்று பெயர். ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் நினைவாக வைத்தது. மிகக் கடினம். ஆனால் கண்ணாடியைப் போல் உடையும்.

உளியைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கும் கொல்லர் இந்த மார்ட்டென்சைட்டைத்தான் உண்டாக்குகிறார். பிறகு இலேசாகச் சூடேற்றி, வைக்கோல் நிறம், ஊதா நிறம் என்று நிறம் பார்த்துப் பதம் இறக்குகிறாரே, அது சிக்கிய கரியில் கொஞ்சத்தை இறங்க விடுவது. உடையாமலும் மழுங்காமலும் இருக்கும் நடுப் பதம் அது.

ஒரு துளையின் கதை

நான் பணியில் சேர்ந்த புதிதில், மார்கழிக் குளிரில் ஓர் இரவு தண்டவாளம் விரிந்துவிட்டது. குளிரில் இரும்பு சுருங்க முயலும்போது இப்படி நேர்வதுண்டு. வெட்டி, வேறு துண்டு வைத்து, போல்ட்டுக்குத் துளை போட வேண்டும். கையால் இயக்கும் டிரில்லில் அதற்கு நேரமாகும். பக்கத்தில் கேஸ் கட்டர் தயாராக இருந்தது. இரண்டே நிமிடத்தில் ஓட்டை போட்டுவிடலாம். அவுட்டரில் ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது. கட்டரைப் பிடித்திருந்த இளைஞர் அவசரப்பட்டார்.

எங்கள் மேஸ்திரி அதிகம் படித்தவரல்லர். அவர் கட்டரின் வால்வை மூடிவிட்டு, "தம்பி, நெருப்பில போட்ட ஓட்டை இன்னைக்கு வண்டியை அனுப்பும், ஒரு நாள் வண்டியைக் கவிழ்க்கும். டிரில்லை எடு" என்றார். வண்டி முக்கால் மணி நேரம் நின்றது. பயணிகள் திட்டினார்கள். துளை டிரில்லில்தான் போடப்பட்டது.

அவர் சொன்னதன் காரணம் இதுதான். கேஸ் சுடரில் துளையின் விளிம்பு உருகும் சூட்டை அடைகிறது. சுடரை எடுத்ததும், சுற்றியுள்ள குளிர்ந்த பெரிய இரும்பு அந்தச் சூட்டை நொடிகளில் உறிஞ்சிவிடுகிறது. தண்ணீரில் தோய்த்தது போலத்தான். விளிம்பு மார்ட்டென்சைட் ஆகிறது. நெகிழ மறுக்கும் அந்த வளையத்தில் சக்கரங்கள் ஏறி இறங்க ஏறி இறங்க நுண்ணிய வெடிப்புத் தோன்றி, நாளடைவில் தண்டவாளத்தைப் பிளந்துவிடும். வெளியிலிருந்து ஒரு பொருளும் சேர்க்கவில்லை. சோதனைச் சாலைக்கு அனுப்பினாலும் அதே இரும்பு, அதே கரி, அதே அளவு என்றே எழுதிக் கொடுப்பார்கள். மாறியது அடுக்கு மட்டுமே.

சென்னைக்கோ சேலத்துக்கோ போகும்போது உங்கள் பெட்டிக்கு அடியில் 'தடக் தடக்' என்று ஒரே தாளத்தில் இடிக்கும் ஓசையைக் கேட்டிருப்பீர்கள். தண்டவாள இணைப்பில் எழும் ஓசை வேறு. இது சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் அடிப்பது. பிரேக் இறுகிச் சக்கரம் சுழலாமல் சறுக்கியிருந்தால், உராய்ந்த இடம் தட்டையாகிவிடும். அந்த இடம் உராய்வில் காய்ந்து உடனே குளிர்வதால் அங்கும் அதே மார்ட்டென்சைட் பிறக்கும். பின்னாளில் அது சில்லுச் சில்லாகப் பெயரும். ஆகவேதான் அத்தகைய சக்கரத்தைக் கழற்றி லேத்தில் கடைகிறார்கள்.

எலகங்காவில் கரியின் மூன்று வேலைகள்

இந்தப் பாடம் முழுவதும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் இடம் நம் ஊரிலேயே இருக்கிறது. பெங்களூரின் வடபகுதியில், எலகங்காவில், 1984-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ரயில் சக்கரத் தொழிற்சாலை அது. முதலில் சக்கர, அச்சு ஆலை என்று பெயர். 2003-இல் இப்போதைய பெயர் வந்தது.

அங்கே பழைய சக்கரம், அச்சு போன்ற இரும்புகளை மின்வில் உலையில் உருக்குகிறார்கள். உலைக்குள் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பங்கள் கிராஃபைட். உருகிய எஃகைக் காற்றழுத்தத்தால் கீழிருந்து மேலே ஏற்றி நிரப்பும் அச்சுகளும் கிராஃபைட். எஃகின் சூட்டைத் தாங்கும், ஆனாலும் எளிதாகக் கடைந்து வடிவம் கொடுக்கலாம். மூன்றாவதாக, சக்கரத்தின் எஃகுக்குள்ளேயே கரைந்து அதற்கு உறுதி தருவதும் கரிதான். ஒரே தனிமம், மூன்று வேலை!

வார்த்த சக்கரத்தை மீண்டும் சூடேற்றி, அதன் விளிம்பில் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். மார்ட்டென்சைட் உண்டாகாத அளவுக்கு, ஆனால் பேர்லைட்டின் ஏடுகள் நுண்ணியதாக அமையும் அளவுக்குக் கணக்காக. முதலில் விளிம்பு இறுகிவிடுகிறது. பிறகு குளிரும் உட்பகுதி சுருங்கும்போது விளிம்பை உள்நோக்கி இழுத்து அழுத்தத்தில் வைக்கிறது. அழுத்தத்தில் இருக்கும் இடத்தில் வெடிப்பு எளிதில் விரிவதில்லை. பின்னர் மறுபடியும் மிதமாகச் சூடேற்றிப் பதம் இறக்குகிறார்கள். நம் கொல்லர் செய்வதேதான், அளவு பெரியது.

ஃபாரடே தேடியது

பழங்காலத்தில் தென்னாட்டு உருக்கு உலகப் புகழ் பெற்றிருந்தது. கன்னடத்தில் உக்கு என்பதே 'வூட்ஸ்' என்று மருவி ஐரோப்பாவுக்குப் போனது என்பர். இரும்பைக் கரியூட்டும் பொருள்களோடு மூடிய மூசையில் வைத்து உருக்கிச் செய்தது அது. தமிழகத்தில் மேல்சிறுவளூரில் கிடைத்த மூசை எச்சங்களைப் பற்றி, பெங்களூர் தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தின் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து எழுதியுள்ளார்.

இந்த உருக்கின் இரகசியத்தை அறிய 1819-இல் முயன்றவர், கொல்லரின் மகனாகிய மைக்கேல் ஃபாரடே. அவர் அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று தேடி, சிறிதளவு அலுமினாவும் சிலிக்காவுமே சிறப்புக்குக் காரணமாகலாம் என்று கருதினார். உண்மையில் அதன் சிறப்பு, சாதாரண எஃகைவிட மிகுதியான கரியிலும், அந்தக் கரி கார்பைடாக அமைந்திருந்த விதத்திலும் இருந்தது. 'என்ன இருக்கிறது' என்று மட்டும் கேட்டால் பேரறிஞருக்கும் பாதி விடைதான் கிடைக்கும். 'எப்படி அமைந்திருக்கிறது' என்றும் கேட்க வேண்டும்.

வீட்டுக்குச் சில குறிப்புகள்

பதமான கத்தியையோ அரிவாள்மணையையோ அடுப்புச் சுடரில் காட்டாதீர்கள். பதம் இறங்கிக் கூர் நிற்காது. காய்ந்த வார்ப்புத் தோசைக்கல்லில் குளிர்ந்த நீரை மொத்தமாகக் கொட்டாதீர்கள். விரிசல் விடக்கூடும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிள்ளை பிணைப்புப் பாடத்தை உருப்போடும்போது, நீங்கள் பட்டறையில் உளி தோய்ப்பதை ஒரு நாள் காட்டுங்கள். ஏன் தோய்க்கிறீர்கள், எந்த நிறத்தில் நிறுத்துகிறீர்கள் என்று தமிழில் சொல்லுங்கள். புத்தகத்தில் அதற்கு என்ன பெயர் என்று பிள்ளை சொல்லட்டும். இருவரும் அறிந்ததைச் சேர்த்தால்தான் பாடம் முழுமையாகும்.