எண் சொல்லும் கல், பெயர் தேடும் மாணவர்

முதல் உலகப் போருக்காக இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்தார்கள். ஏறத்தாழ 74,000 பேர் உயிரிழந்தார்கள். 1914 முதல் 1919 வரை நடந்த போருக்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் மாண்டனர் என்று அறிவிக்கும் கல்வெட்டுகளைத் தமிழகத்தின் சில ஊர்களில் இன்றும் காணலாம். எண்ணிக்கை இருக்கிறது, பெயர்கள் இல்லை. அவற்றைத் தேட ஏற்றவர்கள் அந்தந்த ஊர்ப் பள்ளி மாணவர்களே. எந்தத் தெருவில் யாரைக் கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அந்நிய அரசின் போரை நாம் ஏன் நினைக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். இந்தத் தேடல் போரைப் போற்றுவதற்கல்ல. போனவர்களை அனுப்பியது வறுமையா, வற்புறுத்தலா, அவர்கள் திரும்பாத வீடுகள் எப்படிப் பிழைத்தன என்று அறிவதற்கே. நூறாண்டு கடந்த வாய்மொழி நினைவு பிசகலாம் என்பதும் நியாயமான ஐயம். அதனால்தான் கேட்டதைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பலருக்கு அதில் படைப்பிரிவும் இறந்த நாளும் கிடைக்கும். வாய்மொழி நினைவும் பட்டியலும் முரண்படும்போது எதை, ஏன் நம்புவது என்று முடிவெடுக்கப் பழகுவதே வரலாற்றுக் கல்வி.