மஞ்சள் கம்பளிப் பந்து

பூப்பந்து என்றதும் பலருக்கு இறகுப்பந்துதான் நினைவுக்கு வருகிறது. இரண்டும் வேறு வேறு. பூப்பந்தில் இறகே கிடையாது. மஞ்சள் கம்பளி நூலைச் சுற்றிச் சுற்றிச் செய்த உருண்டை அது. எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றே பெரிசு, எடை சுமார் 28 கிராம். உள்ளங்கையில் வைத்தால் கோழிக்குஞ்சைப் பிடித்தது போல மெத்தென்று இருக்கும்.

19ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரச குடும்பத்தார் ஆடிய ஆட்டம் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலமுள்ள களத்தில் பக்கத்துக்கு ஐந்து பேர். பந்து தரையைத் தொடும் முன் அடித்தாக வேண்டும். இறகுப்பந்து காற்றில் அலைபாயும். கம்பளிப் பந்தோ திறந்தவெளியிலும் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் மண்ணைச் சமன்செய்து, சுண்ணாம்புக்கோடு போட்டு, இரண்டு கம்பம் நட்டு வலை கட்டினால் ஊர்ப் பொட்டலே மைதானமாகிவிடுகிறது.

வாரங்கல்லைச் சேர்ந்த ஜம்மலமடகா பிச்சய்யா 1970இல் இந்த ஆட்டத்துக்காக அர்ஜுனா விருது பெற்றார். அவர் பெயரை இன்று எத்தனை பிள்ளைகள் அறிவார்கள்? உங்கள் ஊரில் பூப்பந்து ஆடிய பெரியவர் இருந்தால், இன்று மாலை பிள்ளைகளை அவரிடம் அழைத்துப்போங்கள்.