வெள்ளைக்கழிச்சல்: கீழாநெல்லி மட்டும் போதுமா? நாட்டுக்கோழி வளர்க்கிறவங்க கவனத்துக்கு!

நேற்று வரை ஓடித் திரிந்த கோழி தலை தொங்கி நிற்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், சிலதுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். அடுத்த சில நாளில் கூடே காலி. தோவாளை முதல் விளவங்கோடு வரை, வீட்டுக்குப் பின்னால் நாலு கோழி வளர்க்கிறவர்களுக்கு வெயில் ஏறினாலே இந்தப் பயம்தான்.

இதற்கு ராணிக்கெட் என்றும் பேர். 1927-ல் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட இமயமலை ஊரின் பெயர் அது. காரணம் வைரஸ். அதனால் வந்தபிறகு குணமாக்கும் மருந்து கிடையாது.

அப்போ நாட்டு வைத்தியம்? கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம் அரைத்துத் தீவனத்தில் கலந்து தரும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே சொல்லித் தருகிறது. கீழாநெல்லி வயல் வரப்பிலேயே கிடைக்கும், செலவும் பெரிசில்லை. தாராளமா கொடுங்க. ஆனால் தடுப்பூசிக்குப் பதிலாக அல்ல.

குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, 8-வது வாரம் இறக்கையில் ஊசி. பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இலவச முகாமும் நடத்துகிறது. கோழி நல்லா இருக்கும்போதே போடணும், சுணங்கின பிறகு அல்ல.

இன்னொன்று. 'எப்படியும் சாகப்போகுது' என்று சந்தையில் விற்பதும், செத்ததைச் சானலில் வீசுவதும்தான் நோயை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகிறது. ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைங்க. புதுக்கோழி வாங்கினால் இரண்டு வாரம் தனியாக அடைத்து வைத்துவிட்டு அப்புறம் கூட்டத்தில் விடுங்க.