கதிர்வீச்சை அளக்கும் சிறிய காற்றறை: கணினிக் கணிப்பு எதற்காக?

கதிர்வீச்சுச் சிகிச்சைக்காகக் காலையில் வரும் நோயாளிகளும் உடன் வருவோரும், "இயந்திரம் சரிபார்க்கப்படுகிறது, சற்றுக் காத்திருங்கள்" என்ற அறிவிப்பைக் கேட்டிருக்கலாம். அந்நேரத்தில் நோயாளி படுக்கும் மேசையின் மீது ஓர் அளவீட்டுக் கருவி வைக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் அதன் உள்ளே இருப்பது காற்று நிரம்பிய ஒரு சிறிய அறையே. உங்களுக்கு அளிக்கப்படும் கதிர்வீச்சு சரியான அளவில் உள்ளதா என்பது அது தரும் எண்ணைக் கொண்டே முடிவு செய்யப்படுகிறது.

அயனி அறை எவ்வாறு அளக்கிறது?

இக்கருவியை அயனி அறை என்பர். பரவலாகப் பயன்படும் ஃபார்மர் வகை அறையில் உள்ள காற்று 0.6 கன சென்டிமீட்டர் மட்டுமே; அதன் எடை ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. எக்ஸ்-கதிர்கள் பாயும்போது வெளிப்படும் எலக்ட்ரான்கள் இக்காற்றிலுள்ள அணுக்களை மின்னூட்டம் பெற்ற துகள்களாகப் பிரிக்கின்றன. உலர்ந்த காற்றில் அத்தகைய ஓர் இணை உருவாகச் சராசரியாக 33.97 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் செலவாகிறது. எனவே, சேர்ந்த மின்னூட்டத்தை அளந்தால் காற்றில் படிந்த ஆற்றலைக் கணக்கிடலாம். காற்று 1 கிரே அளவு கதிர்வீச்சை ஏற்றால் கிடைப்பது ஏறத்தாழ 20 நானோகூலூம் மட்டுமே.

இடர்ப்பாடு இங்குதான் தொடங்குகிறது. நமக்குத் தேவையானது காற்று ஏற்ற அளவு அன்று. உடல் ஏற்கும் அளவு. உடலின் பெரும்பகுதி நீர் என்பதால், மருத்துவத்தில் நீர் ஏற்கும் அளவே அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. மேலும், அறையின் சுவர் கிராஃபைட்டாலும் நடுக்கம்பி அலுமினியத்தாலும் ஆனவை. குறைந்த ஆற்றலுள்ள எக்ஸ்-கதிர்களை அலுமினியம் காற்றைவிடப் பல மடங்கு ஈர்த்துக்கொள்கிறது. சிகிச்சைக்குரிய உயர் ஆற்றலில் அவ்வேறுபாடு பெரிதும் குறைந்துவிடுகிறது. ஆகவே, நீரில் ஒரே அளவு கதிர்வீச்சு படிந்தாலும், கதிரின் ஆற்றல் மாறினால் கருவி காட்டும் எண்ணும் மாறக்கூடும். இதனையே கருவியின் ஆற்றல் சார்ந்த துலங்கல் என்கிறோம்.

கணினியில் நிகழ்த்திப் பார்த்தல்

இவ்வேறுபாட்டை ஒவ்வோர் ஆற்றலுக்கும் ஆய்வகத்தில் அளப்பது கடினம். ஆகையால், அறையின் வடிவம், சுவரின் தடிமன், கம்பியின் உலோகம் ஆகிய அனைத்தும் கணினியில் உள்ளவாறே அமைக்கப்படுகின்றன. பின்னர் கோடிக்கணக்கான எக்ஸ்-கதிர்த் துகள்கள் ஒவ்வொன்றாகச் செலுத்தப்படுகின்றன. ஒரு துகள் எங்கே மோதும், முழுவதும் ஈர்க்கப்படுமா, சிதறுமா என்பன இயற்பியல் விதிகள் தரும் வாய்ப்பளவுகளின்படி, பகடை உருட்டுவது போல, தீர்மானிக்கப்படுகின்றன. 1940-களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஸ்டானிஸ்லா உலாம், ஜான் வான் நியூமன் ஆகியோர் உருவாக்கிய இம்முறைக்குச் சூதாட்ட விடுதிக்குப் பெயர்பெற்ற மான்டே கார்லோவின் பெயரே வழங்குகிறது. பெயரைக் கண்டு ஐயுற வேண்டாம்: துகள்களின் எண்ணிக்கை பெருகப் பெருக விடையின் தற்செயல் பிழை குறைந்துகொண்டே வரும்.

இறுதியில், காற்றில் படிந்த ஆற்றலும் அதே இடத்தில் நீர் மட்டும் இருந்திருந்தால் படிந்திருக்கும் ஆற்றலும் ஒப்பிடப்பட்டு, திருத்தக் காரணி பெறப்படுகிறது. பன்னாட்டு அணுசக்தி முகமையின் அளவீட்டு நெறிமுறையில் (2000, திருத்திய பதிப்பு 2024) இக்காரணிகள் அட்டவணைகளாகத் தரப்பட்டுள்ளன.

இத்துணை நுணுக்கம் எதற்கு? கட்டியில் சேரும் அளவு குறைந்தால் நோய் மீண்டும் தலைதூக்கலாம். மிகுந்தால் அருகிலுள்ள நல்ல உறுப்புகள் பாதிக்கப்படலாம். குறிக்கப்பட்ட அளவிலிருந்து விலகல் 5 விழுக்காட்டிற்குள் இருக்க வேண்டும் என்று கதிர்வீச்சு அலகுகளுக்கான பன்னாட்டு ஆணையம் 1976-ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. இந்த 5 விழுக்காட்டிற்குள் இயந்திரம், நோயாளி படுக்கும் நிலை, கருவி என அனைத்தின் பிழையும் அடங்க வேண்டும்.

கணினியால் அறிய இயலாதவை

சுவரில் விழுந்த நுண்ணிய விரிசலையோ கம்பிவடத்தில் ஏறிய ஈரத்தையோ கணினிக் கணிப்பு அறியாது. அறை வெப்பநிலை 20-லிருந்து 25 டிகிரி செல்சியசுக்கு உயர்ந்தாலே, வெளிக்காற்றுக்குத் திறந்த அறையின் அளவீடு ஏறத்தாழ 1.7 விழுக்காடு குறையும். இதனை அன்றன்று திருத்திக்கொள்ள வேண்டும். எனவேதான் கருவிகள் தர அளவீட்டு ஆய்வகங்களில் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படுகின்றன. இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் இத்தகைய ஆய்வகத்தை நடத்துகிறது.

உங்கள் மருத்துவமனையில் இப்பணிக்குப் பொறுப்பானவர் மருத்துவ இயற்பியலாளர் ஆவார். கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்று அவரிடம் கேட்க உங்களுக்குத் தயக்கம் வேண்டியதில்லை. ஐயம் ஏதும் இருப்பின் சிகிச்சையைத் தாமாக நிறுத்திவிடாமல், அடுத்த அமர்வுக்கு முன்னரே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.